பாட முடியாதவன் எப்படி ஆராதிப்பது?

யாழ்நரம்பு (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் ஸ்தோத்திரம். ஐந்து ஆண்டுகளாக இங்கே வாசித்துக்கொண்டு மட்டுமே இருந்தேன். இன்றுதான் முதல்முறை எழுதுகிறேன். நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பதினொரு ஆண்டுகளாக எங்கள் சபையில் ஞாயிறுதோறும் ஆராதனை நடத்திவந்தவன் நான். சில மாதங்களாகக் குரல் கரகரத்துக்கொண்டே இருந்தது. கவனிக்காமல் பாடினேன். ஒரு நாள் அறவே அடைத்துக்கொண்டது. குரல்நாணில் கட்டி என்றார்கள். புற்றுநோய் இல்லை, தேவனுக்கு நன்றி. அறுவை முடிந்தது. ஒரு வாரம் முழு மௌனம். இப்போது ஒரு நாளைக்குச் சில வார்த்தைகள் பேசலாம். பாடுவதைப் பற்றி மாதங்கள் கழித்துத்தான் யோசிக்க வேண்டுமாம். பழைய குரல் திரும்புமா என்று கேட்டதற்கு மருத்துவர் உறுதி எதுவும் சொல்லவில்லை.

சென்ற ஞாயிறு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மேடையில் வேறொருவர் நின்றார். சபை எழுந்து பாடியது. என் மனம் என்ன செய்தது என்று உண்மையாகச் சொல்கிறேன்: சுருதி பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டாம் சரணத்தில் ஒரு தங்கையின் குரல் விலகியதைக் குறித்துக்கொண்டேன். மூன்றாம் பாட்டை அரைக்கட்டை இறக்கி எடுத்திருக்கலாம் என்று நினைத்தேன். பாடல் வேளை முடிந்து எல்லாரும் உட்கார்ந்தபோதுதான் உறைத்தது, அந்த நேரம் முழுவதும் ஆண்டவரை ஒரு முறைகூட நான் நினைக்கவில்லை.

அப்போது ஒரு பயம் வந்தது. இன்னும் போகவில்லை. மேடையில் நின்ற பதினொரு ஆண்டுகளும் இப்படித்தான் இருந்தேனா? கண்ணீர் வந்ததே, உடல் சிலிர்த்ததே, அது அவர் சமுகமா, இல்லை என் குரலே எனக்குக் கொடுத்த மயக்கமா? குரல் இல்லாதபோது ஆராதிக்கத் தெரியவில்லை என்றால், இருந்தபோது தெரிந்திருந்ததா?

யாராவது தெளிவாகச் சொல்லுங்கள். ஆராதனை என்றால் என்ன?

கடுகுவிதை

சகோதரரே, உங்கள் பயம் நியாயமானது. மென்மையாகப் பேசி அதை ஆற்ற எனக்கு விருப்பமில்லை. நாம் பாட்டு நேரத்துக்கு ‘ஆராதனை’ என்று பெயர் வைத்துவிட்டோம். பிறகு அதில்தான் தேவன் இறங்குகிறார் என்று நம்பத் தொடங்கிவிட்டோம். ஆமோஸ் தீர்க்கதரிசி மூலம் அவர் சொன்னதை வாசியுங்கள்: “உன் பாட்டுகளின் இரைச்சலை என்னைவிட்டு அகற்று, உன் வீணைகளின் ஓசையை நான் கேட்கமாட்டேன்.” அடுத்த வசனத்தில் அவர் கேட்பது நியாயத்தையும் நீதியையும்.

ரோமர் 12:1இல் பவுல் ஆராதனை என்று எதைச் சொல்கிறார்? சரீரத்தை ஜீவபலியாக ஒப்புக்கொடுப்பதை. திங்கட்கிழமை அலுவலகத்தில் பொய்க்கணக்கு எழுத மறுப்பது ஆராதனை. மாமியாரிடம் பொறுமையாக இருப்பது ஆராதனை. சமாரியப் பெண்ணிடம் இயேசு இந்த மலையும் இல்லை, எருசலேமும் இல்லை என்றார். இடமும் நேரமும் மேடையும் அன்றே முடிந்துவிட்டன. நான் சபைக்குப் போவதை நிறுத்தி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. என் ஆராதனை நிற்கவில்லை.

சாலமோன்மண்டபம்

யாழ்நரம்பு தம்பி (என் வயதுக்கு அப்படி அழைக்கலாம் என்று நினைக்கிறேன்), நீங்கள் இந்தக் கேள்வியைக் கேட்டதே எனக்கு ஆறுதலாக இருந்தது. சுருதி பார்க்கப் பழகிய காது ஒரே வாரத்தில் பழக்கத்தை விடாது. தச்சன் எந்த வீட்டுக்குப் போனாலும் கதவின் பொருத்தைத்தான் முதலில் பார்ப்பான். அதை வைத்துப் பதினொரு ஆண்டுகளைத் தள்ளுபடி செய்துவிடாதீர்கள்.

வேதத்தில் இந்தச் சொல் எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். பழைய ஏற்பாட்டின் எபிரெயத்தில் முக்கியமாக இரண்டு சொற்கள். ஒன்று, தரைபடக் குனிந்து பணிவதைக் குறிப்பது. மகனைப் பலியிடப் போகும் ஆபிரகாம் வேலைக்காரரிடம், “நானும் பிள்ளையாண்டானும் அவ்விடமட்டும் போய், தொழுதுகொண்டு, உங்களிடத்துக்குத் திரும்பி வருவோம்” என்கிறாரே, அங்கே அந்தச் சொல்தான். மோரியா மலையில் விறகும் நெருப்பும் கத்தியும் இருந்தன. பாட்டு இருந்ததாக எழுதப்படவில்லை. பிள்ளைகள் அனைவரையும் ஒரே நாளில் இழந்த யோபு சால்வையைக் கிழித்துத் தரையில் விழுந்து பணிந்தானே, அங்கேயும் அதே சொல். எனவே ஆராதனைக்கு நல்ல மனநிலை வேண்டும் என்று நமக்கு யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை.

இன்னொரு சொல் ‘அவாத்’. பணிசெய்தல் என்று பொருள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குள் ஏதோ அசைகிறது. ஏதேன் தோட்டத்தைப் ‘பண்படுத்த’ ஆதாமை வைத்தார் என்ற இடத்தில் இந்த வினைதான். யாத்திராகமம் முதல் அதிகாரத்தில் இஸ்ரவேலரைச் சாந்தும் செங்கல்லுமாய்ப் பிழிந்த கொடிய வேலையும் இதே வேரிலிருந்து வருகிறது. மூன்றாம் அதிகாரத்தில், “நீங்கள் இந்த மலையில் தேவனுக்கு ஆராதனை செய்வீர்கள்” என்று மோசேக்குச் சொல்வதும் இதே வினை. பார்வோனுக்கு உழைத்துத் தேய்ந்த அதே கைகளை ஆண்டவர் தமக்கென்று கேட்கிறார். யாருக்கு வேலை செய்கிறோம் என்பது அங்கே மாறிப்போகிறது.

கடுகுவிதை சகோதரர் சொன்னதில் பாதியை முழுமனதாக ஏற்கிறேன். மறுபாதிக்கு நாளை வருகிறேன்.

முதல்படி

நான் விசுவாசத்துக்குப் புதியவன். இடையில் கேட்பதற்கு மன்னியுங்கள். கடவுளுக்கு நம் புகழ்ச்சி எதற்கு? மனிதர்களில் புகழ்ச்சியை எதிர்பார்ப்பவர்களை நாம் மதிப்பதில்லையே. இதை நேரில் யாரிடமும் கேட்கத் துணிவு வரவில்லை.

பெத்தானியா

முதல்படி தம்பிக்கு: கேட்டது நல்லது. ஐம்பதாம் சங்கீதத்தில் அவரே பதில் சொல்லிவிட்டார்: “நான் பசியாயிருந்தால் உனக்குச் சொல்லேன், பூமியும் அதின் நிறைவும் என்னுடையவைகளே.” அவருக்கு ஒரு குறை இருந்து அதை நாம் நிரப்புவதில்லை. தேவை நம்முடையது. விக்கிரகங்களைப் பற்றிப் பேசும் 115ஆம் சங்கீதம், அவற்றை நம்புகிறவர்கள் அவற்றைப் போலவே ஆகிறார்கள் என்கிறது. மனிதன் எதையாவது ஒன்றைப் பெரிதாக வைத்து அதன்முன் வளைந்துகொண்டேதான் இருப்பான். பணத்தின்முன் வளைந்தவர்களின் முகம் எப்படி மாறுகிறது என்று பார்த்திருப்பீர்கள். நாம் யார்முன் குனிகிறோமோ அவருடைய சாயல் நம்மேல் படிகிறது. கருணையுள்ளவர்முன் குனியச் சொல்வது நம்முடைய நன்மைக்காகவே.

யாழ்நரம்பு அண்ணா, என் நிலைமையையும் சொல்கிறேன். என் கணவர் பக்கவாதத்தில் படுத்து நான்கு ஆண்டுகள். இரவும் பகலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். முதல் ஆண்டில் ஞாயிற்றுக்கிழமை காலை வந்தாலே அழுவேன். எல்லாரும் ஆலயத்தில் இருப்பார்கள், நான் மட்டும் துணி அலசிக்கொண்டிருப்பேன். ஆராதனையை இழந்துவிட்டதாக நினைத்தேன்.

சாலமோன்மண்டபம் ஐயா எழுதிய அந்த ‘அவாத்’ பற்றி முன்பு எனக்குத் தெரியாது. ஆனால் அதை வாசிப்பதற்கு முன்பே என் கணவரைப் புரட்டும்போது “இதை ஏற்றுக்கொள்ளும்” என்று சொல்லத் தொடங்கியிருந்தேன். பல நாள் எரிச்சலோடுதான் சொல்வேன். இரவு மூன்று மணிக்கு அன்போடு சொன்னேன் என்றால் அது பொய். எரிச்சலையும் சேர்த்தே கொடுத்தேன்.

கடுகுவிதை சகோதரரே, உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். நீங்களாக விட்டுவந்தீர்கள். நான் போக முடியாமல் இருக்கிறேன். இரண்டும் ஒன்றல்ல. வாழ்க்கை முழுவதும் ஆராதனை என்று எனக்கும் தெரியும். நான்கு ஆண்டுகளாக அப்படித்தான் வாழ்கிறேன். இருந்தாலும் பக்கத்தில் நின்று ஒருவர் “ஆமென்” சொல்லும் குரலைக் கேட்க எவ்வளவு ஏங்குகிறேன் என்று உங்களுக்குச் சொல்லி விளங்காது. வீட்டில் தனியாக ஆராதித்துப் பார்த்தவளாகச் சொல்கிறேன்: அதைக் கொண்டாடாதீர்கள்.

கடுகுவிதை

பெத்தானியா சகோதரி, உங்கள் பதிவை மூன்று முறை வாசித்தேன். பதில் எழுத உடனே கை வரவில்லை.

நான் ஏன் விலகினேன் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் சபையில் இரண்டு குடும்பங்களுக்குள் நிலத்தகராறு. ஒரு குடும்பம் மற்றதை ஏமாற்றியது எல்லாருக்கும் தெரியும். ஏமாற்றியவர் முன்வரிசையில் கைகளை உயர்த்திப் பாடுவார். ஏமாந்த விதவை பின்வரிசையில் உட்கார்ந்திருப்பாள். மேடையிலிருந்து ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு ஞாயிறு எனக்கு அந்தப் பாட்டு தாங்கவில்லை. பாதியில் எழுந்து வந்துவிட்டேன். திரும்பிப் போகவில்லை.

சாலமோன்மண்டபம்

கடுகுவிதை, நீங்கள் எழுந்து வந்த அந்தக் கணத்தில் ஆமோஸ் உங்கள் பக்கம்தான் இருந்தார். இதை மனதார எழுதுகிறேன்.

பவுல் கடிதம் எழுதிய கொரிந்து சபையிலும் இதுவே நடந்தது. வசதியுள்ளவர்கள் முந்திச் சாப்பிட்டார்கள், “ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான் (குடித்திருக்கிறான்).” பவுல் அவர்களிடம், நீங்கள் கூடிவந்து செய்வது கர்த்தருடைய இராப்போஜனமே அல்ல என்று சொல்லிவிட்டார். அப்பமும் பாத்திரமும் இருந்தன, ஜெபம் இருந்திருக்கும், ஆனாலும் அது கர்த்தருடையது அல்ல. அவ்வளவு கடுமை. இருந்தும் அந்தக் கூட்டத்தைக் கலைத்துவிட்டு அவரவர் வீட்டில் ஆராதியுங்கள் என்று அவர் எழுதவில்லை. அதிகாரத்தின் முடிவில் “ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்” என்கிறார். பசியோடு வருகிறவன் வந்துசேரும்வரை காத்திருங்கள்.

நீங்கள் காட்டிய ரோமர் 12:1ஐ இன்னொருமுறை மெதுவாக வாசிப்போம். “உங்கள் சரீரங்களை” என்பது பன்மை. “ஜீவபலியாக” என்பது ஒருமை. கிரேக்க மூலத்திலும் அப்படியே. பல உடல்கள், ஒரு பலி. நான்கு வசனங்கள் தாண்டினால், அநேகராகிய நாம் கிறிஸ்துவுக்குள் ஒரே சரீரமாயிருக்கிறோம் என்று வந்துவிடுகிறார். தனியாக என் உடலை மட்டும் எடுத்துக்கொண்டுபோய் வைத்தால் பவுல் சொல்லும் பலி நிறைவாகாது.

இரண்டாம் நூற்றாண்டில், ஏறக்குறைய 155இல், ரோமாபுரியிலிருந்த இரத்தசாட்சி யுஸ்தீன் பேரரசனுக்கு எழுதிய முறையீட்டில் கிறிஸ்தவர்களின் ஞாயிறு எப்படி நடந்தது என்று விவரிக்கிறார். நகரத்திலும் நாட்டுப்புறத்திலும் இருப்பவர்கள் ஓரிடத்தில் கூடுகிறார்கள். அப்போஸ்தலரின் நினைவுக்குறிப்புகளோ தீர்க்கதரிசிகளின் எழுத்துகளோ நேரம் இருக்கும்வரை வாசிக்கப்படுகின்றன. நடத்துபவர் போதிக்கிறார். எல்லாரும் எழுந்து ஜெபிக்கிறார்கள். அப்பமும் திராட்சரசமும் தண்ணீரும் கொண்டுவரப்படுகின்றன, மக்கள் ஆமென் சொல்கிறார்கள். வசதியுள்ளவர்கள் மனமுவந்து கொடுத்தது அநாதைகளுக்கும் விதவைகளுக்கும் நோயாளிகளுக்கும் சிறையில் இருப்பவர்களுக்கும் போகிறது.

இன்னும் ஒரு செய்தி அதில் உண்டு. வர முடியாதவர்களுக்கு உதவிக்காரர்கள் பங்கை எடுத்துக்கொண்டு போகிறார்கள். பெத்தானியா அம்மா, இது உங்களைப் பற்றியது. அன்றைய சபையில் வராதவர்களும் வந்தவர்களோடு எண்ணப்பட்டார்கள். அவர்களுக்கென்று ஒரு பங்கு பந்தியிலிருந்து நடந்து போனது.

பெத்தானியா

ஐயா, எங்கள் வீட்டுக்கு முதல் ஆண்டு இரண்டு முறை வந்தார்கள். அதற்குப்பின் மூன்று ஆண்டுகளாக யாரும் கொண்டுவரவில்லை. குறை சொல்ல எழுதவில்லை. மறந்துபோயிருப்பார்கள். நீங்கள் எழுதியதை வாசித்த பிறகு மறைத்துவைக்க முடியவில்லை.

சாலமோன்மண்டபம்

அம்மா, என்ன எழுதுவது என்று தெரியாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். நான் இருபது ஆண்டுகள் சபை மூப்பனாக இருந்தவன். எங்கள் சபையிலும் இப்படி எத்தனை வீடுகளை விட்டோமோ. என்னை மன்னியுங்கள்.

ஒலிவக்கிளை

நான் கத்தோலிக்கன். இந்தப் பேச்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன், நுழையத் தயக்கம். எங்கள் பக்கத்தில் ‘ஆராதனை’ என்ற சொல்லை மிகக் குறுக்கியே பயன்படுத்துவோம். அது கடவுள் ஒருவருக்கே உரியது. நற்கருணை (திருப்பலியில் அர்ப்பணிக்கப்பட்ட அப்பம்) முன் முழந்தாளிட்டிருப்பதை ஆராதனை என்போம். புனிதர்களுக்குச் செலுத்துவது வணக்கம். 787இல் கூடிய இரண்டாம் நிசேயா சங்கம் இந்த வேறுபாட்டைத் தெளிவாக வைத்தது. ஞாயிறு கூட்டத்தை நாங்கள் திருப்பலி என்றோ வழிபாடு என்றோ சொல்வோம். அதனால் ‘ஆராதனை நடத்துபவர்’ என்று நீங்கள் எழுதும்போது எனக்கு ஒரு நொடி தடுக்குகிறது. அது நல்ல தடுக்கல். ஒருவர் நடத்த, மற்றவர்கள் பார்ப்பதா வழிபாடு? 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாடு பற்றி வெளியிட்ட ஏட்டில், மக்கள் முழுமையாகவும் உணர்ந்தும் ஈடுபட்டும் பங்கெடுக்க வேண்டும் என்று வற்புறுத்தியதற்குக் காரணம், எங்களிடமும் மக்கள் வெறும் பார்வையாளர்களாக ஆகியிருந்ததுதான்.

யாழ்நரம்பு நண்பரே, உங்களுக்காக ஒருவரை நினைவூட்ட விரும்புகிறேன்: திருமுழுக்கு யோவானின் தந்தை செக்கரியா. தூபம் காட்டக் கோவிலுக்குள் போன குரு பேச்சிழந்து வெளியே வருகிறார். மக்கள் காத்து நிற்கிறார்கள். ஆசி கூற வாய் இல்லை, சைகைதான் காட்ட முடிகிறது. அவருக்கு அது நம்பாமையினால் வந்தது. உங்களுக்கு அப்படி என்று நான் சொல்லவில்லை, தயவுசெய்து அப்படி எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் காட்ட விரும்புவது அடுத்த வரியை. பேச முடியாத அவர் உடனே வீட்டுக்குப் போய்விடவில்லை. தம் திருப்பணியின் நாள்கள் முடிந்த பிறகே போனார் என்கிறார் லூக்கா. அந்தத் ‘திருப்பணி’க்குக் கிரேக்கத்தில் இருக்கும் சொல்லிலிருந்துதான் ‘லிட்டர்ஜி’ என்ற சொல் வந்தது. குரலற்ற குரு மீதி நாள்களின் வழிபாட்டையும் நிறைவேற்றினார். அவருக்கு வாய் திறந்தபோது முதலில் வந்தது புகழ்ச்சி.

திருவெளிப்பாட்டில், இடையறாது பாடும் விண்ணகத்திலேயே ஏறக்குறைய அரைமணி நேரம் அமைதி நிலவியது என்று எழுதியிருக்கிறது. அந்த அரைமணியில் நீங்கள் இப்போது இருக்கிறீர்கள்.

இன்னொன்று. ரோமர் 12:1 எங்கள் திருவிவிலியத்தில் ‘உள்ளார்ந்த வழிபாடு’ என்று இருக்கிறது. உங்கள் மொழிபெயர்ப்பில் ‘புத்தியுள்ள ஆராதனை’. உள்ளமா, புத்தியா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சாலமோன்மண்டபம்

அருமையான கேள்வி. கிரேக்கத்தில் ‘லோகிக்கே’. சொல், பகுத்தறிவு என்ற வேரில் பிறந்தது. புதிய ஏற்பாட்டில் இது இன்னும் ஒரே இடத்தில்தான் வருகிறது: 1 பேதுரு 2:2இல், “களங்கமில்லாத ஞானப்பால்” என்ற இடத்தில். பழைய மொழிபெயர்ப்பாளர்கள் அங்கே ‘ஞானம்’ என்றும் இங்கே ‘புத்தி’ என்றும் வைத்தார்கள். வாயற்ற ஆடுமாடுகள் தாம் எதற்குப் போகிறோம் என்று அறியாமல் பலிபீடத்துக்குப் போயின. இங்கே பலியே அறிந்து, சம்மதித்துப் போகிறது. அதைப் புத்தி என்றாலும் சரி, உள்ளார்ந்தது என்றாலும் சரி, இரண்டு மொழிபெயர்ப்பும் ஒரே கதவை இரு பக்கமிருந்து திறக்கின்றன என்றுதான் எனக்குப் படுகிறது. இரவு மூன்று மணிக்கு எரிச்சலை அறிந்தே கொடுத்த பெத்தானியா அம்மாவின் ஆராதனை புத்தியுள்ளது.

எப்பத்தா

எல்லாருக்கும் வணக்கம். நான் பிறவியிலேயே காது கேளாதவள். என் பெயரை ஏன் இப்படி வைத்துக்கொண்டேன் என்று மாற்கு ஏழாம் அதிகாரம் தெரிந்தவர்களுக்குப் புரியும்: காது கேளாத ஒருவனிடம் இயேசு சொன்ன ‘திறக்கப்படுவாயாக’ என்ற சொல் அது.

நான் ஒரு பாட்டையும் கேட்டதில்லை. சபையில் பாடல் வேளை வரும்போது பக்கத்தில் இருப்பவர்கள் என்னைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள். ஆராதனையின் பெரிய பகுதி எனக்கு இல்லை என்று நினைக்கிறார்கள். யாழ்நரம்பு அண்ணா, நீங்கள் இப்போது நிற்கும் இடத்தில் நான் முப்பத்திரண்டு ஆண்டுகளாக நிற்கிறேன். அதனால் எனக்கும் சொல்ல ஒன்று இருக்கிறது.

பாடும்போது பெரும்பாலும் எல்லாரும் கண்களை மூடிக்கொள்கிறார்கள். நான் திறந்துவைத்திருப்பேன், அதுதான் எனக்குக் காது. நான் முகங்களைப் பார்ப்பேன். யார் உண்மையாக அழுகிறார்கள், யார் கைக்கடிகாரம் பார்க்கிறார்கள், எந்தக் கணவனும் மனைவியும் இன்று பேசிக்கொள்ளவில்லை, எல்லாம் தெரியும். பாடகர்களையும் வாத்தியம் வாசிப்பவர்களையும் பார்ப்பேன். சில ஞாயிறுகளில் அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பார்கள். அப்போது எனக்கு ஏதோ கேட்பது போலவே இருக்கும். சில ஞாயிறுகளில் ஒருவர் பக்கம் ஒருவர் திரும்புவதே இல்லை. சுற்றிலும் எல்லாரும் மெய்மறந்து நிற்பார்கள். எனக்கு மட்டும் அந்த மேடை வெறுமையாகத் தெரியும்.

முதன்முதலில் ஒருவர் எனக்காகச் சைகையில் கர்த்தருடைய ஜெபத்தைச் செய்து காட்டினார். “எங்கள்” என்பதற்கு அவர் கையை வட்டமாகச் சுழற்றி என்னையும் உள்ளே சேர்த்தார். அன்று நான் ஆராதித்தேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

செக்கரியாவைப் பற்றி எழுதினீர்கள். பிள்ளைக்குப் பெயரிடும்போது உறவினர்கள் அவரிடம் சைகையில்தான் கேட்டார்கள் என்றும் லூக்கா எழுதியிருக்கிறார். அவருக்குக் காதும் கேட்காமல் போயிருக்க வேண்டும். அந்த வசனத்தை எத்தனை பேர் கவனித்திருப்பார்கள் என்று தெரியாது. நான் சிறுவயதிலேயே கவனித்துவிட்டேன்.

யாழ்நரம்பு

எப்பத்தா தங்கை எழுதியதை வாசித்து இரவெல்லாம் தூங்கவில்லை. நான் மறைத்த ஒன்றைச் சொல்கிறேன்.

எங்கள் சபையில் கீபோர்டு வாசிக்கும் ஒரு தம்பி இருக்கிறான். ஏழு மாதங்களுக்கு முன் ஒரு பயிற்சியில் அவன் தாளம் தவறினான். அத்தனை பேர் முன்னிலையில் நான் அவனைக் கடிந்துகொண்டேன். சொன்ன வார்த்தை இங்கே எழுதக்கூடியது அல்ல. மறுநாளும் அவன் வந்து வாசித்தான். அதற்குப்பின் இருபத்தைந்து ஞாயிறுகளாவது ஒரே மேடையில் நின்றோம். அவன் பக்கம் நான் திரும்பவில்லை. அவனும் என்னைப் பார்க்கவில்லை. அந்த ஞாயிறுகளிலும் என் கண்ணில் கண்ணீர் வந்தது.

காணிக்கையைப் பலிபீடத்தின்முன் வைத்துவிட்டுப் போ, முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்று ஆண்டவர் சொன்னதை எத்தனை முறை மேடையில் வாசித்திருக்கிறேன்! ‘உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று’ என்பதுதான் வசனம். அவன்மேல் எனக்குக் குறையா என்று அது கேட்கவே இல்லை.

ஒலிவக்கிளை

போய்விட்டு வாருங்கள். காத்திருக்கிறோம்.

கடுகுவிதை

பாட்டை இவ்வளவு நேரம் தாழ்த்திப் பேசியவன் நான். ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கடைசி இராப்போஜனம் முடிந்து ஒலிவமலைக்குப் புறப்படும் முன் அவர்கள் ஸ்தோத்திரப்பாட்டு பாடினார்கள் என்று மத்தேயு எழுதுகிறார். சில மணி நேரத்தில் பிடிபடப்போகிறோம் என்று தெரிந்த ஆண்டவரும் அந்தப் பாட்டில் இருந்தார். காட்டிக்கொடுக்கப் போனவன் தவிர, மறுதலிக்கப்போகிறவனும் சிதறி ஓடப்போகிறவர்களும் அவரைச் சுற்றி நின்று பாடினார்கள். தகுதியானவர்கள் கூடட்டும், அப்புறம் பாடலாம் என்று அவர் காத்திருக்கவில்லை. நேற்றிலிருந்து இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

பின்வரிசையில் உட்கார்ந்திருந்த அந்த விதவையைப் பற்றியும் நினைக்கிறேன். நான் கோபித்துக்கொண்டு எழுந்து வந்தேன். அவள் இன்னும் அங்கேதான் உட்கார்ந்திருப்பாள். பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று தெரியவில்லை.

முதல்படி

என் கேள்விக்குப் பதில் தந்ததற்கு நன்றி, பெத்தானியா அக்கா. இன்னொரு சந்தேகம். மனதில் ஒன்றுமே இல்லாதபோது, வெறுமையாக இருக்கும்போது போய் நிற்பது போலித்தனம் ஆகாதா?

பெத்தானியா

ஆகாது, தம்பி. சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல்கள். 88ஆம் சங்கீதம் தொடக்கம் முதல் முடிவுவரை இருளிலேயே போய் இருளிலேயே நின்றுவிடுகிறது, கடைசியில்கூட ஒரு நன்றி வரவில்லை. அதையும் தேவாலயத்துப் பாட்டுப் புத்தகத்தில் சேர்த்துத்தான் வைத்தார்கள். உள்ளே இல்லாத மகிழ்ச்சியை முகத்தில் காட்டினால் அது போலி. வெறுங்கையை வெறுங்கையாகவே நீட்டலாம். நான் பல நாள் அந்த 88ஐத்தான் வாசிக்கிறேன். என் கணவருக்குப் பேச்சு இல்லை, வாசித்து முடித்ததும் கண்ணை மூடித் திறப்பார்.

யாழ்நரம்பு

பதினெட்டு நாள் கழித்து எழுதுகிறேன். தாமதத்துக்கு மன்னியுங்கள்.

அந்தத் தம்பியின் வீட்டுக்குப் போனேன். அதிகம் பேசக் கூடாது என்பதால் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனேன். காரணம் எதுவும் சேர்க்காமல், நான் சொன்ன அந்த வார்த்தையையும் அதைச் சொன்னது பாவம் என்பதையும் எழுதினேன். அவன் வாசலில் நின்றே வாசித்தான். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். “சரி அண்ணா” என்றான். அவ்வளவுதான். உள்ளே வரச் சொல்லவில்லை. அவன் மன்னித்துவிட்டானா என்று எனக்குத் தெரியாது. கேட்கும் உரிமையும் எனக்கு இல்லை என்று திரும்பிவிட்டேன்.

பெத்தானியா அக்கா எழுதிய அந்த மூன்று ஆண்டுகள் மனதை விட்டுப் போகவில்லை. எங்கள் போதகரிடம் போய், வர முடியாதவர்களின் பட்டியல் இருக்கிறதா என்று எழுதிக் கேட்டேன். அவர் ஒரு பழைய நோட்டை எடுத்துத் தேடினார். ஏழு பெயர்கள் இருந்தன. அதில் இரண்டு பேரை எனக்கு யாரென்றே தெரியவில்லை. பதினொரு ஆண்டு ஒவ்வொரு ஞாயிறும் சபையை நேருக்கு நேர் பார்த்து நின்றவன் நான்.

சென்ற ஞாயிறு திருவிருந்து முடிந்ததும் போதகர் அப்பத்தையும் ரசத்தையும் எடுத்துக்கொண்டார். வண்டியை நான் ஓட்டுவதாக இருந்தது. புறப்படும்போது கீபோர்டு தம்பி பையைத் தூக்கிக்கொண்டு வந்து பின்இருக்கையில் ஏறினான். யாரும் அவனைக் கூப்பிடவில்லை. வழியில் நாங்கள் பேசிக்கொள்ளவும் இல்லை.

மூன்றாவது வீட்டில் எண்பது தாண்டிய ஒரு பெரியவர். பார்வை மங்கிவிட்டது. நாங்கள் யார் என்று போதகர் சொன்னதும் என் கையைப் பிடித்துத் தடவிப் பார்த்தார். “பாடுகிற பிள்ளையா? ஒரு பாட்டுப் பாடேன்” என்றார். போதகர் என் நிலைமையை எடுத்துச் சொன்னார். “அப்படியா, சரி, நான் பாடுகிறேன்” என்று அவரே தொடங்கிவிட்டார். சுருதி எங்கெங்கோ போனது. இரண்டாம் அடியை மறந்து முதல் அடியையே திரும்பப் பாடினார். தம்பி மெல்ல அவரோடு சேர்ந்துகொண்டான். நான் உதடுகளை மட்டும் அசைத்தேன். பாட்டு முடிந்த பிறகுதான், இந்த முறை நான் சுருதி பார்க்கவில்லை என்று நினைவு வந்தது.

இன்னும் நான்கு வீடுகள் இருக்கின்றன. வரும் ஞாயிறு போகிறோம். பெத்தானியா அக்கா, உங்கள் ஊர் எது என்று தனிமடலில் சொல்வீர்களா?